இரண்டாவது டப்பா

பிப்ரவரி 2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். 'அன்புள்ள தங்கைக்கு' என்று போட்டால் நீ சிரிப்பாய். வெறும் பெயரைப் போட்டால் லேபில் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உன் முகவரியைக் கொடுத்தது தையல்கார அத்தை. "ஹோட்டல் பேரைப் போட்டு லாண்டரின்னு எழுது, போய்ச் சேரும். ஆனா பதில் வரும்னு நான் சொல்லல," என்றாள்.

போன வாரம் சில்வண்டின் பள்ளிப் பையில் இரண்டு பாக்கெட் இருந்தன. (என் மகளுக்கு நீ வைத்த பெயர்தான். இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவளும் முன்னைப் போல நிறுத்தாமல் பேசுவதில்லை. பதினான்கு வயது முடிந்துவிட்டது.)

"இது என்னடி?"

"அரிசி சேமியா."

"எதுக்கு?"

"பொரிக்க."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளோ சாவகாசமாகப் பையை மூடிக்கொண்டே சொல்கிறாள்: "சித்தி அன்னிக்குச் செஞ்ச அந்தத் தாய்லாந்து நூடுல்ஸைத்தான் செய்யப்போறேன். மார்ச் பதினாலு, ஞாயித்துக்கிழமை. அப்பா ஊர்ல இருக்க மாட்டார். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் திருட்டுத்தனம்னு சொல்லக்கூடாது."

ஏன் என்று கேட்டேன். முழுக்கைச் சட்டையின் இடது கையை இழுத்து விட்டுக்கொண்டாள். ஐந்து வருஷமாக வெயில் காலத்திலும் அவள் முழுக்கைதான் போடுகிறாள். "அன்னிக்கு ஏன் அப்படிப் பொங்குச்சுன்னு எனக்குத் தெரியணும்மா. அப்பா சித்தியோட அஜாக்கிரதைன்னு சொல்றார். நீ விதின்னு சொல்றே. எண்ணெய்க்கு விதி தெரியுமா?"

அவள் நிற்கமாட்டாள், உனக்கே தெரியும், அந்தப் பிடிவாதம் உன்னிடமிருந்து வந்ததுதான். செல்போனில் தேடினால் நூறு வீடியோ வருகிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எல்லோரும் சிரித்துக்கொண்டே பொரிக்கிறார்கள். எங்கே தவறும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நீ முன்னால் வேலை பார்த்த கேன்டீன் சமையலறையில் அந்தத் தாய்லாந்துக்கார அம்மாவிடம் நேராகக் கற்றவள். முறையை எனக்கு எழுதி அனுப்பு. எண்ணெயின் அளவு, வாணலியின் அளவு, எதையும் விடாமல். அவள் செய்யத்தான் போகிறாள் என்றால் சரியாகச் செய்யட்டும்.

இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்.

அக்கா

*

பிப்ரவரி 10

அக்காவுக்கு,

உன் கடிதம் நான்கு நாள் என் லாக்கரில் சோப்புத்தூளுக்குப் பக்கத்தில் கிடந்தது. உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யார் என்று தெரியாமல் இருக்கும்வரை எல்லோரும் உயிரோடு இருக்கட்டும் என்று திறக்கவில்லை.

திறந்தால் சமையல் குறிப்பு கேட்டிருக்கிறாய்.

இரவல் கொடுத்த கரண்டியைத் திரும்ப வாங்க வருகிறவர்கள்கூட வாசலில் நின்று 'சௌக்கியமா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கரண்டிப் பேச்சை எடுப்பார்கள். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி நடையில் உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "இனிமே என் வீட்டு வாசப்படியில உன் காலைப் பார்த்தேன்னா..." என்று சொல்லி முடிக்காமல் நிறுத்தினார். முடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நீ அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாய். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். நன்றாகவே காத்தாய், அக்கா. ஐந்து வருஷம் காத்தாய்.

இங்கே எனக்குப் படுக்கை விரிப்பு தேய்க்கிற வேலை. ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, சூடான உருளைக்குள் விடவேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் வரும். ஒரு நாளைக்கு நானூறு. நாற்பது பேர் படுத்த விரிப்பும் நான்கு பேர் அழுத விரிப்பும் வெளியே வரும்போது ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆவி உண்டு, சூடு உண்டு, எண்ணெய் மட்டும் கிடையாது. அதனால்தான் இங்கே இருக்கிறேன். என் அறையில் அடுப்பு இல்லை. வைத்துக்கொள்ளவில்லை.

குறிப்பு தரமாட்டேன். அவளைச் செய்ய விடாதே. அந்தப் பாக்கெட்டுகளைத் தூக்கிக் குப்பையில் போடு. நீதான் கடைச் சாமான் எதையும் கழுவாமல் வீட்டுக்குள் விடாத ஆளாயிற்றே, வாழைப்பழத்துக்கே சோப்பு போடுகிறவள். குப்பையில் போடுவதற்கு முன்னால் வேண்டுமானால் கழுவிவிட்டுப் போடு.

ஃபோன் நம்பர் கேட்காதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அழுதால் நான் உன்னை மன்னித்துவிட்டதாக நீ நினைத்துக்கொள்வாய்.

தங்கை என்று கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

*

பிப்ரவரி 17

நீ எழுதியது எல்லாம் சரி. ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லப்போவதில்லை. அந்தப் பலகையில் பச்சை எழுத்து, 'கா'வின் கால் உதிர்ந்திருந்தது. அவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் எழுத்து மாறிப்போயிருக்கிறது. சாய்ந்து ஓடுகிற எழுத்து இப்போது ஒவ்வொன்றாக நின்று நின்று நடக்கிறது. வயதானால் எழுத்தும் மாறும் போல.

பாக்கெட்டுகளை நான் குப்பையில் போட்டேன். மறுநாள் வேறு இரண்டு வந்துவிட்டன.

நேற்று லேபில் ஒரு மெஷின் நின்றுபோனதால் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததுமே சூடான எண்ணெய் வாசனை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். தாளிக்கிற கரண்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், அதில் ஒரே ஒரு இழை சேமியா. அதை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, முகத்தை அரை அடி பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும், "கத்தாதேம்மா, கத்தினா கை ஆடும்," என்றாள். நான் கத்தவில்லை. இழை வெள்ளையாக விரிந்து மேலே வந்தது. அவள் அதை எடுத்துக் காகிதத்தில் வைத்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள்.

அவள் குளிக்கப் போனபோது அந்த நோட்டைப் பார்த்தேன். அன்று பொங்கியதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். எண்ணெய் அதிகச் சூடு. வாணலி சின்னது. எண்ணெய் அளவு மீறியது. பழைய சேமியா. ஐந்தாவதாக 'சித்தி' என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறாள். ஆறாவதாக 'ஈரமா?' என்று கேள்விக்குறியோடு. கீழே, 'ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கவேண்டும்.'

ஒவ்வொன்றாக. அதாவது கொதிக்கிற எண்ணெயில் வேண்டுமென்றே ஈரமானதைப் போட்டுப் பார்ப்பாள். உனக்குப் புரிகிறதா? அவளைக் கட்டிப்போட முடியாது. நான் எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவேன். அவரிடம் சொன்னால் வீட்டில் ரகளை நடக்கும், அவள் சிநேகிதி வீட்டு அடுப்பில் செய்து பார்ப்பாள்.

முறையை எழுது. உன் கையால் 'இப்படித்தான் செய்யவேண்டும், இதைச் செய்யக்கூடாது' என்று இருந்தால் அவள் நம்புவாள். அந்தச் சோதனைகள் வேண்டாம் என்று விட்டுவிடுவாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். அவள் நம்பாததற்கும் காரணம் இருக்கிறது.

அன்று நடந்ததில் ஒரு விஷயம்

இந்த வரியை முடிக்காமலே விடுகிறேன். அடித்தால் நீ என்னவோ என்று யோசிப்பாய். விட்டாலும் யோசிப்பாய். முறையை எழுது.

அக்கா

*

பிப்ரவரி 23

அக்காவுக்கு,

சில்வண்டுக்காக எழுதுகிறேன். உனக்காக இல்லை.

வாணலி அகலமாக, ஆழமாக இருக்கவேண்டும். எண்ணெய் அதில் பாதிக்குக் கீழே. பாதிக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. சேமியா மெல்லியது, பாக்கெட்டில் இருக்கிறபடியே காய்ந்தது. ஊறவைக்கக் கூடாது, தண்ணீர் காட்டவே கூடாது. பெரிய காகிதப் பைக்குள் வைத்து உடைத்தால் தூள் வீடெங்கும் பறக்காது. ஒரு இழையைப் போட்டுப் பார். போட்ட நொடியில் பருத்து மேலே வந்தால் சூடு சரி. அடியிலேயே கிடந்து யோசித்தால் காத்திரு. பிறகு ஒரு பிடி, ஒரே ஒரு பிடி. கண் மூடித் திறப்பதற்குள் பொரிந்துவிடும். திருப்பு, எடு, சிவக்க விடாதே. டோஃபுவை, அதாவது சோயா பன்னீரை, துணியில் அமுக்கிப் பிழிந்து, குச்சி குச்சியாக நறுக்கித் தனியே பொரிக்கவேண்டும். அடித்த முட்டையை விரல் நுனியால் எண்ணெய் மேல் சொட்டவிட்டால் வலை மாதிரி வரும். அதுவும் தனி.

பாகுதான் உயிர். புளிக்கரைசல், பனைவெல்லம், மீன் சாஸ், கொஞ்சம் வினிகர். கம்பிப் பதம் வரும்வரை கிளறு. பதம் வராத பாகை ஊற்றினால் மொத்தமும் நமுத்துப்போகும். இறக்கும்போது நாரத்தைத் தோலைத் துருவிப் போடு, அந்த வாசனை இல்லாவிட்டால் அது வெறும் இனிப்புச் சேமியா. பாகு கொஞ்சம் ஆறியதும் பொரித்ததைக் கொட்டி, உடையாமல் விரலால் புரட்டு. உடனே சாப்பிட வேண்டும். அந்தத் தாய்லாந்துக்கார அம்மா கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு கத்துவாள்: "இது காத்திருக்காது! நீங்க வந்து காத்திருங்க!"

இவ்வளவுதான் முறை. இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

இந்த முறைப்படிதான் அன்றும் செய்தேன். எதிலும் தவறவில்லை. ஐந்து வருஷமாக ஒவ்வொரு விரிப்பும் உருளைக்குள் போகும்போது அந்தப் பதினைந்து நிமிஷத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். வாணலி சரி. எண்ணெய் பாதிக்குக் கீழே. இழை போட்டுப் பார்த்தேன். முதல் பாக்கெட்டை நானே பையில் உடைத்து டப்பாவில் போட்டேன், சருகு மாதிரி இருந்தது, பூவாகப் பொரிந்தது. சில்வண்டு ஸ்டூல் மேல் நின்று கை தட்டினாள். இரண்டாவது டப்பாவை நீ தயார் செய்து தந்தாய். அதே கடை, அதே பாக்கெட். அவளோடு பேசிக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்தேன். ஒரு பிடி என்று சொல்லிக்கொடுத்தவளே டப்பாவோடு கவிழ்த்தேன், அது என் தவறுதான். ஆனால் காய்ந்த சேமியா டப்பாவோடு விழுந்தாலும் பொரிந்து வழியும். பொங்கி, வெடித்து, எண்ணெயை விளிம்பு தாண்டித் துரத்தாது.

ஈரமா என்று எழுதியிருக்கிறாள், புத்திசாலிப் பெண். ஆனால் ஈரமில்லை என்று அவளிடம் சொல். அது ஒன்றுக்கு மட்டும் நான் சத்தியம் செய்வேன். 'தண்ணி படக்கூடாதுக்கா' என்று வாசலில் நுழையும்போதே உன்னிடம் சொன்னேன்.

அப்படியென்றால் என்ன? எனக்குத் தெரியவில்லை. என்ன தவறு செய்தேன் என்றே தெரியாதவள், இப்படிச் செய்தால் ஆபத்தில்லை என்று ஒரு குழந்தைக்கு எப்படி எழுதித் தருவேன்? அதனால்தான் பொரிக்கிற வேலையையே விட்டேன். காரணம் தெரிந்திருந்தால் மறுவாரமே அடுப்பு முன் நின்றிருப்பேன். ஒரு கையால் என்றாலும்.

இந்தக் குறிப்பை அவளிடம் கொடுக்காதே. உன்னிடமே இருக்கட்டும்.

அந்த முடிக்காத வரியை முடி.

*

பிப்ரவரி 28

எங்கள் லேபில் ஒரு நோட்டு உண்டு. ரத்தம் எடுத்த குழாய் மாறிப்போனாலோ, சீட்டு தப்பாக ஒட்டினாலோ அதில் எழுதவேண்டும். யார், எப்போது, என்ன. காரணம் சொல்ல இடம் கிடையாது. அந்த நோட்டுக்குப் பொறுப்பு நான்தான். போன வருஷம் ஒரு புதுப்பெண் குழாய் மாறியதை எழுதாமல் மறைத்துவிட்டாள். அவளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, "தப்பு செய்யறது பெரிசில்லம்மா, எழுதாம மறைக்கிறதுதான் பெரிசு," என்றேன். அவள் அழுதாள். நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

அந்த நோட்டில் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன்.

நான். அன்று பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்தபோது உள்ளே கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. ஒரு சின்ன வண்டு. நீ முன்னறையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தாய். சேமியாவைச் சல்லடையில் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் அலசினேன். உதறினேன். தேங்காய்ப்பூ துண்டில் சுற்றி அமுக்கினேன். டப்பாவில் போட்டு மூடி உன்னிடம் நீட்டினேன்.

நீ சொன்னது காதில் விழுந்தது. தண்ணீர் பட்டால் நமுத்துப்போகும், ருசி கெடும், அதற்காகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். துடைத்துவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். வண்டைச் சொன்னால் பாக்கெட்டையே தூக்கிப் போடுவாய், விருந்து பாதியில் நிற்கும் என்று நினைத்தேன். எண்ணெய் வெடிக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. இது காரணம். நோட்டில் இதற்கு இடமில்லை.

பொங்கிய அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு ஐந்து வருஷமாகத் தெரியாதது எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் உன் பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. பெற்ற தாயே இதைச் செய்தாள் என்று அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். கட்டு மாற்றும்போதெல்லாம் அவள் என் கழுத்தைத்தான் கட்டிக்கொள்வாள். அந்தக் கையை இழக்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வாரம் சொல்லலாம், கட்டு பிரித்ததும் சொல்லலாம், பள்ளி திறந்ததும் சொல்லலாம். தள்ளத் தள்ள, தள்ளியதையும் சேர்த்துச் சொல்லவேண்டியதாகிவிட்டது.

'ஈரமா?' என்று அவள் எழுதியதைப் பார்த்தபோது நோட்டை மூடிவைத்துவிட்டு வந்தேன். 'ஈரமில்லை, சத்தியம் செய்வேன்' என்று நீ எழுதியதை மூட முடியவில்லை.

இதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். வழியில் தொலைந்துபோகட்டும் என்று ஒரு மனசு நினைக்கிறது, அதற்கு இடம் தரக்கூடாது.

*

மார்ச் 5

படித்தேன். சூப்பர்வைசர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய் உக்காரு, இன்னிக்கு நீ மெஷின் கிட்ட வராதே," என்றாள். அவளுக்கு இருந்த அக்கறை.

ஒன்று சொல்கிறேன். இரண்டாம் வருஷமோ என்னவோ, விரிப்பு பிடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று தோன்றியது: அக்கா கழுவியிருப்பாளோ? எதையும் கழுவுகிறவளாயிற்றே. அடுத்த நொடி என்னை நானே திட்டிக்கொண்டேன். கழுவியிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள். நான் பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? உன் மேல் பழி போட நினைத்தேனே என்று அன்று நான் சாப்பிடவில்லை.

ஒரு வேளைச் சாப்பாடு. அதை மட்டும் திருப்பிக் கொடு பார்ப்போம்.

மன்னிப்பு என்ற சொல்லை நீ எழுதாமல் விட்டது நல்லது. எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

பதினாலாம் தேதிக்கு முன்னால் சில்வண்டிடம் சொல். உன் வீட்டுக்காரர் ஊருக்குப் போவதற்கு முன்னால், அவர் முகத்துக்கு நேரே சொல். சுற்றிவளைக்காமல், அந்த நோட்டில் எழுதுவதைப் போலச் சொல். நீ சொன்னாயா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டும். பதினைந்தாம் தேதி தபாலில் ஒன்றும் இல்லையென்றால் உன் கடிதத்தை அப்படியே அவள் பள்ளி முகவரிக்கு அனுப்புவேன். மிரட்டலா என்றால், ஆமாம்.

அவள் கை உன் கழுத்தை விட்டுப்போகும் என்று பயந்தாய். இப்போது அவள் கொதிக்கிற எண்ணெயில் ஈரச் சேமியாவைப் போட்டுப் பார்க்கப்போகிறாள், நீ அலசியதை அவள் கையாலேயே கண்டுபிடிக்க. எது பெரிய பயம் என்று நீயே முடிவு செய்துகொள்.

நான் எழுதித் தந்த குறிப்பை இப்போது அவளிடம் கொடுக்கலாம். அதில் தவறு இல்லையாம்.

*

மார்ச் 15

சொல்லிவிட்டேன். பதினைந்தாம் தேதி எழுதுகிறேன், உனக்கு வந்து சேர நான்கு நாள் ஆகும், அதற்குள் நீ அனுப்பிவிட்டால் பாதகமில்லை. அவளுக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்தது. நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை அவர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஷூ போட்டுக்கொண்டிருந்தார். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. இவள் மேஜையில் உட்கார்ந்து நாளைக்கு வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். நான், பன்னிரண்டரை மணி, அலசினேன்.

அவர் ஒரு ஷூவோடு நிமிர்ந்தார். "இல்ல. உன் தங்கச்சியைக் காப்பாத்த நீயா இதைச் சொல்றே."

"இல்லைங்க."

"அஞ்சு வருஷம் கழிச்சு என்ன திடீர்னு? கடிதம் வருதுன்னு எனக்குத் தெரியும். அவ சொல்லச் சொன்னாளா?"

"அவ சொல்லச் சொன்னா. ஆனா செஞ்சது நான்."

அப்போது இவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்: "எவ்வளவு நேரம் தண்ணில வச்சே?"

"அரை நிமிஷம் இருக்கும்."

"துடைச்சது எந்தத் துணி?"

"தேங்காய்ப்பூ துண்டு. நீலம்."

"டப்பாவுல போட்டு எத்தனை நிமிஷம் கழிச்சு எண்ணெய்க்குப் போச்சு?"

"பத்து நிமிஷம்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவள் கேட்கிற விதத்தைப் பார்த்த பிறகுதான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். இன்னொரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பொண்ணை நான் என்ன பேச்சுப் பேசினேன்," என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஊருக்கும் போகவில்லை.

அவள் நோட்டில் 'சித்தி' என்ற ஐந்தாவது வரியை அடித்தாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தாள். அந்த இடத்தில் 'அம்மா' என்று எழுதுவாள் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. 'ஈரமா?' என்பதில் கேள்விக்குறியை மட்டும் அழித்துவிட்டு நோட்டை மூடினாள். உன் கடிதங்கள் எல்லாவற்றையும், குறிப்பையும் அவளிடம் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று செய்தாள். "நீ உள்ளே வராதே, கதவுகிட்ட நில்லு," என்றாள். நின்றேன். அவர் பெரிய மூடியைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். எண்ணெய் பாதிக்குக் கீழே. அவள் பாக்கெட்டைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டினாள். 'தொங்கற துணி நெருப்புல படும்,' என்று அவள் அப்பாவிடம் சொன்னாள், அவ்வளவுதான். அந்தத் தழும்பை நான் பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

ஒரு பிடி போட்டாள். வெள்ளையாக விரிந்தது, வாணலி நிறைந்தது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டே பொரித்தாள். ஒரு பிடி, எடுத்து, மறுபடி ஒரு பிடி.

பாகு கம்பிப் பதம் வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டாள். கொஞ்சம் நமுத்துத்தான் போயிற்று. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடிந்ததும் உன் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். 'உள்ளே வராதே' என்றதைத் தவிர, சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சித்தி வலதுகைக்காரங்கதானே?"

"ஆமா."

"இது இடது கையால எழுதினது. பாரு, எழுதின மை மேலேயே கை இழுபட்டிருக்கு, ஒவ்வொரு வரியிலயும். 'ஒரு கையால் என்றாலும்'னு வேற எழுதியிருக்காங்க." பிறகு, "அன்னிக்கு எண்ணெய் வந்தப்ப சித்தி விலகி ஓடல. கையைக் குறுக்கே வச்சாங்க. எனக்குப் பட்டது மிச்சம்தான். நான் பார்த்தேன். நீ பார்க்கலையா?"

பார்த்தேன்.

அதையும் லேப் நோட்டில் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். ஆஸ்பத்திரி நடையில் நீ வலது கையை ஒரு துண்டில் சுற்றி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். துண்டில் ஈரம் பரவியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பலகையைப் பார்த்தேன். உன் எழுத்து மாறியதற்கு வயது காரணம் என்று எழுதியதும் நான்தான்.

ஐந்து வருஷத்தில், இத்தனை கடிதத்தில், கேட்காததை இப்போது கேட்கிறேன். பதில் சொல்லாவிட்டாலும் சரி.

உன் கை எப்படி இருக்கிறது?

*

மார்ச் 23

அக்காவுக்கு,

மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. தோல் இழுத்துக்கொண்டுவிட்டது. அன்று வேறு ஆஸ்பத்திரியைத் தேடிப் போக மூன்று நாள் ஆகிவிட்டது, அதனால்தான் என்றார்கள். குளிர் நாளில் குத்தும். விரிப்பின் முனையைப் பிடிக்க மற்ற மூன்றும் போதும். பேனாவுக்குத்தான் போதவில்லை, இடது கையைப் பழக்கிக்கொண்டேன்.

அத்தானிடமிருந்து நான்கு வரி வந்தது. நாலாவது வரியில் மை கலைந்திருக்கிறது. அவருக்குப் பதில் போட்டுவிட்டேன். உனக்குப் போடத்தான் இரண்டு நாள் ஆனது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதிப் பார்த்தேன், இடது கைகூட எழுத மாட்டேன் என்கிறது. வா என்று நீ கூப்பிடவில்லை. கூப்பிடாதே. இப்போதைக்கு எழுது.

சில்வண்டிடம் சொல், பாகை ஸ்பூனில் எடுத்துப் பார்த்து ஏமாறக்கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொட்டு இழுக்கவேண்டும். நூல் அறுந்தால் இன்னும் இரண்டு நிமிஷம். அறுபடாமல் நின்றால் இறக்கலாம். அவசரம் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது, அதற்கு நான் பொறுப்பு.

இங்கே சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அடுப்பு ஒன்று இருக்கிறது. சூப்பர்வைசர் அம்மா டீ போடுவது அதில்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் எனக்குத் தருவாயா என்று கேட்டேன். "என்னடி பண்ணப்போறே?" என்றாள். "பொரிக்கப்போறேன்," என்றேன். ஜல்லிக்கரண்டியை வலது கையில் பிடித்துப் பார்த்தேன். மூன்று விரலுக்கு நிற்கிறது.

நேற்று கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். என் அலமாரியில், மேல் தட்டில், தண்ணீர்க் குடத்துக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

கழுவவில்லை.

உன் தங்கை